பாம்புக்குப் பசி எடுக்கக் காத்திருந்த நாலு வாரம்

1

இந்த ஊரில் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க லைசென்ஸ் வேண்டும். பாம்பு வளர்க்க வேண்டாம்.

முதலில் நான் நம்பவில்லை. நாலு இடத்தில் தேடிப் பார்த்தேன். விஷப்பாம்பு என்றால் கவுன்சிலுக்கு எழுதிப்போட்டு, ஆள் வந்து பூட்டையும் பெட்டியையும் சோதித்து, பெரிய பாடு. ஆனால் கார்ன் ஸ்னேக் என்று ஒன்று இருக்கிறது. விஷமில்லை, விரல் தடிமன், பழுத்த மிளகாய்க்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஒரு நிறம். அதற்கு ஒரு படிவம்கூடக் கிடையாது. மூன்று வருஷத்தில் விசா, வாடகை, வங்கி, மருத்துவர் என்று எத்தனை படிவம் நிரப்பியிருப்பேன்! படிவமே இல்லாமல் இந்த நாடு எனக்குக் கொடுக்கத் தயாராக இருந்த முதல் பொருள் ஒரு பாம்பு.

போன அக்டோபரோடு நான் லண்டன் வந்து மூன்று வருஷம் முடிந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் இப்படிப்பட்ட நாளுக்குக் கைப்பை வாங்குகிறார்கள், பாரிஸ் போகிறார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய், துணிப்பைக்குள் பாம்பு, பைக்கு வெளியே அட்டைப்பெட்டி, பெட்டியைச் சுற்றி என் ஸ்வெட்டர் என்று நார்தர்ன் லைன் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு கோலியர்ஸ் வுட் வந்து இறங்கினேன். எதிர் சீட்டில் இருந்த பெண்மணி, “கேக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பொய்க்கு இன்னும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன், ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

2

எனக்கு ஏன் பாம்பு? அம்மா கேட்டாள், அலுவலகத்தில் கேட்டார்கள், நீங்களும் கேட்பீர்கள்.

திருப்பூரில் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு காலி மனை. மழை பிடித்தால் அங்கிருந்து ஏதாவது ஒன்று ஏதாவது ஒரு குளியலறைக்குள் வந்துவிடும். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டால் வந்து பிடித்துப் போவார்கள், ஆனால் அவர்கள் வருவதற்குள் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் கம்போடு நின்றுவிடுவார்கள். எனக்கு ஒன்பது வயதில் அப்படி ஒரு நல்ல பாம்பை அடித்தார்கள். அடித்து முடித்ததும் அதே ஆட்கள் அதன்மேல் பால் ஊற்றி, காசு வைத்து, கற்பூரம் காட்டி எரித்தார்கள். அடிக்கும்வரை எதிரி, அடித்த பிறகு சாமி. நடுவில் அது என்னவாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

அதற்கு இமை உண்டா என்று மறுநாள் அறிவியல் டீச்சரைக் கேட்டேன். “பாடத்துல இல்லை, உட்காரு” என்றார். இருபத்தாறு வயதுவரை நான் பார்த்த பாம்பெல்லாம் செத்தது அல்லது கோயிலில் கல்லில் இருப்பது. உயிரோடு, அவசரமில்லாமல் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. பெரிய காரணம் வேறு எதுவுமில்லை.

இமை கிடையாது. அதனால் அது தூங்குகிறதா, உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினேழு வருஷமும் ஒரு கண்ணாடிப் பெட்டியும் தேவைப்பட்டன.

3

நான் குடியிருப்பது யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில், மாடியில் ஓர் அறை. டூட்டிங்கில் ஒரு மளிகைக் கடைச் சுவரில் “தமிழ்ப் பெண்பிள்ளைக்கு அறை உண்டு” என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து வந்தவள். வீட்டில் மூன்று பேர். வசந்தா அன்ரி, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. நம்மூர் ஆன்ட்டி இங்கே அன்ரி. அவர் கணவர் ரவி அங்கிள், தபால் பிரிக்கும் கூடத்தில் பகல் ஷிப்ட். மகள் மதுரா, பதினைந்து வயது. அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அந்த ஆங்கிலத்திலும் என்னை அக்கா என்பாள்.

பாம்பு விஷயத்தை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தேன். அன்ரி அலறுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அவர் என்ன சாப்பிடுவார்?”

பாம்புக்கு ‘அவர்’. நான் கொஞ்சம் தடுமாறி, “எலிக்குஞ்சு அன்ரி, ஐஸ்ல வெச்சது, கடையில விக்கிறாங்க, வாரம் ஒண்ணு” என்றேன்.

“என்ர பிரிட்ஜுக்குள்ள வராது.”

“வராது. அன்னன்னைக்கு வாங்கிக்கறேன்.”

“என்ர கேத்தில்ல தண்ணி கொதிக்க வைச்சு அதை உருக்கக் கூடாது.”

“தனியா பிளாஸ்க் வெச்சிருக்கேன்.”

“என்ன கிழமை?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் மரக்கறி, அதாவது சைவம், செவ்வாயும் அப்படித்தான். ஞாயிறு என்றேன். “ஞாயிறு எண்டால் பரவாயில்லை. எங்கட வீட்டிலயும் அண்டைக்கு இறைச்சிதானே” என்றார் அன்ரி. பாம்பின் விரதக் காலண்டர் அத்தோடு முடிவானது. பிறகுதான் முக்கியமானதைச் சொன்னார்.

“பிள்ளை, ஒண்டு சொல்லுறன். பாம்பு எண்டு எனக்குப் பயமில்லை. ஆனா இந்த வீட்டில ஒரு உயிர் பட்டினி கிடக்கிறதை என்னால பாக்க ஏலாது. சாப்பிட்டால் இருக்கட்டும். சாப்பிடாட்டில் கொண்டுபோய்க் குடுத்திட வேணும்.”

அடுத்தது அங்கிள். எழுந்து போய் ஒரு தாள் கொண்டுவந்தார். “எல்லாம் எழுத்தில இருக்கோணும். நீர் எழுதித் தாரும்.” அகதியாக வந்து பதினோரு வருஷம் அலுவலகம் அலுவலகமாக நின்றவர் அவர். இந்த வீட்டில் பால்காரனுக்கு எழுதிய குறிப்புக்குக்கூட நகல் உண்டு. நான் எழுதினேன்: பெட்டிக்குப் பூட்டு இருக்கும். எலி சமையலறைக்குள் வராது. நாலு வாரத்துக்குள் பாம்பு ஒரு தடவையாவது சாப்பிட வேண்டும், இல்லையென்றால் கடைக்குத் திரும்பும். கடையும் ஒரு மாதத்துக்குள் என்றால் திரும்ப எடுத்துக்கொள்ளும். கையெழுத்துப் போட்டேன். சாட்சியாக மதுரா. அவள் அதில் ‘பிஸ்கட்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதினாள். பாம்புக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

4

புதுப் பாம்பைக் குடியேற்றுவதற்குக் கடைக்காரர் சொல்லித்தந்த முறை மிகவும் சுலபம், அதனாலேயே செய்ய முடியாதது.

பெட்டியின் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. சூட்டுப் பக்கத்தின் அடியில் மின்சாரத்தில் சுடும் ஒரு மெல்லிய பாய், அதைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள பக்கத்துக்கு ஒரு குகை. குடிக்க ஒரு கிண்ணம் தண்ணீர். தரையில் மரச்சீவல். அவ்வளவு முடிந்ததும் பாம்பை உள்ளே விட்டு, மூடி, ஒரு வாரம் எதுவும் செய்யக்கூடாது. தொடக்கூடாது. தூக்கக்கூடாது. சாப்பாடு காட்டக்கூடாது. முடிந்தால் பார்க்கவும் கூடாது.

“ஒன்றுமே செய்யக்கூடாதா?” என்று கேட்டேன்.

“அதுதான் செய்ய வேண்டியது” என்றார்.

நம் ஆட்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அன்ரி என் கதவை ஒரு நாளைக்கு ஆறு தடவை தட்டினார். இடியப்பம், சொதி, போர்வை, இன்னொரு போர்வை, “ஹீட்டர் வேலை செய்யுதோ?”, “அம்மாவோட கதைச்சனியோ?” அதற்கு முன்னால் இருந்த வீட்டில், குரோய்டனில், ஐந்து பேர், ஐந்து பூட்டு. அங்கே எட்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து நடந்து போனபோதும் யாருக்கும் தெரியவில்லை. ஆக, புதிதாக வந்தவர்களை விட்டுவிடுவது எது, விடாமல் பிடிப்பது எது என்று இரண்டு பக்கமும் சாப்பிட்டுப் பார்த்தவள் நான். அன்ரி பக்கம்தான் எனக்குப் பிடித்தது. பிஸ்கட்டுக்கு எதிர்ப்பக்கம் வேண்டியிருந்தது.

முதல் வாரமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிற மாதிரிதான். செவன் கிங்ஸிலிருந்து அங்கிளின் தங்கை குடும்பத்தோடு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். “வெறுங்கையோட எப்பிடி வாறது?” என்றார். அவருடைய கணவர் கண்ணாடியில் விரலால் டொக் டொக்கென்று தட்டி, “எழும்பும் தம்பி, மாமா வந்திருக்கிறன்” என்று குனிந்து பேசினார். நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். பிஸ்கட் குகைக்குள் மூக்கை இழுத்துக்கொண்டான்.

இரண்டாவது ஞாயிறு, முதல் எலி. வெந்நீரில் உருக்கி, நீளமான இடுக்கியால் பிடித்து, குகை வாசலில் மெல்ல ஆட்டினேன். நாக்கு வந்தது, இரண்டு தடவை காற்றைத் தொட்டது, போய்விட்டது. எலியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். காலையில் அப்படியே கிடந்தது.

“சாப்பிட்டவரோ?” அன்ரி தேநீர்க் கோப்பையோடு படிக்கட்டின் கீழே.

“இல்லை அன்ரி.”

அவர் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு மேலே, என் அறைப் பக்கம் பார்த்தார்.

5

மூன்றாவது ஞாயிறும் இல்லை.

நான் துப்பறியத் தொடங்கினேன். நோட்டு ஒன்று போட்டு, காலை ஏழேகாலுக்கும் மாலை ஏழு மணிக்கும் சூட்டைக் குறித்தேன். எப்போதும் இருபத்தொன்பதுக்குப் பக்கம். அது சரி. அப்படியென்றால் வேறு என்ன?

முதல் சந்தேகம் விருந்தினர்கள். இனி யாரும் மேலே வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அன்ரிக்கு அது பெரிய தர்மசங்கடம், ஆனாலும் “அவருக்கு இன்னும் பழகேல்லை” என்று போனில் சொல்லிச் சமாளித்தார். அடுத்தது சாம்பிராணி. வெள்ளி மாலையில் அன்ரி வீடு முழுக்கப் புகை காட்டுவார். பாம்புக்கு மோப்பம் நாக்கில் இருக்கிறது, புகை ஆகாது. “சரி, மேல காட்டேல்லை. சாமி கீழ நிண்டு கொள்ளுவார்” என்றார். அடுத்தது குக்கர் விசில். பாம்புக்குக் காது இல்லை, ஆனால் தரையின் அதிர்வு தெரியும். குக்கர் என் அறைக்கு நேர் கீழே. அன்ரி ஒரு வாரம் பருப்பைச் சட்டியில் அவித்தார். அது என்ன தியாகம் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா வீடியோ காலில் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

“ஏங்கண்ணு, அதென்ன பொறவால? மீன் தொட்டியா?”

“ம்... பாம்பும்மா.”

அம்மா போனை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தாள்.

“பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா நா என்னன்னு சொல்றது? லண்டன்ல வேல, மாசச் சம்பளம், ஒரு பாம்புன்னா?”

“மொதல்லயே சொல்லிரு. பயந்தவன் வராம இருப்பான்.”

“எகத்தாளம் பேசாத.” பிறகு கொஞ்சம் தணிந்து, “சோறு திங்குதா?” என்றாள்.

ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கமும் இதே கேள்விதான். தின்னவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தின்னுது என்றேன்.

நாலாவது ஞாயிறும் எலி அப்படியே கிடந்தது. ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு.

6

கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பகலில் எவ்வளவு குறைகிறது?” என்றார்.

பகலில் நான் வேலையில் இருப்பேனே, எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. நாள் முழுக்க வேலையில் மற்றவர்களுடைய அட்டவணைகளில் விட்டுப்போன கட்டங்களைக் கண்டுபிடிப்பவள் நான். என் நோட்டில் காலைக்கும் மாலைக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம் காலியாக இருந்தது கண்ணில் படவில்லை.

திங்களன்றே இரண்டு பக்கச் சூட்டையும் அளக்கும் ஒரு சின்னக் கருவி வாங்கி உள்ளே வைத்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சூட்டைக் குறித்துக்கொண்டு, போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் கோடாக வரைந்து காட்டும். செவ்வாய் மாலை அந்தக் கோட்டைப் பார்த்தேன். காலை எட்டேகால் வரை மேசை மாதிரி சமம். எட்டேகாலுக்கு மாடிப்படி மாதிரி இறங்கத் தொடங்கி, மத்தியானத்துக்கெல்லாம் பதினேழில் கிடக்கிறது. நாலு மணி பத்து நிமிஷத்துக்குத் திரும்ப ஏறுகிறது. நான் வரும்போது நல்ல பிள்ளையாக இருபத்தொன்பது.

நான் ஏழரைக்குக் கிளம்புகிறேன். அன்ரி ஏழே முக்கால். மதுரா எட்டு. எட்டேகாலுக்குக் கடைசியாகக் கதவைப் பூட்டுகிறவரும், நாலு பத்துக்கு முதலில் திறக்கிறவரும் ஒரே ஆள்.

அங்கிள் வீட்டை விட்டுப் போகும்போது எல்லாச் சுவிட்சையும் அணைப்பார், வந்ததும் போடுவார் என்று எனக்குத் தெரியும். அது எனக்கு விசித்திரமாகவே படவில்லை, ஏனென்றால் என் அப்பாவும் அப்படித்தான். ஊருக்குப் போவதென்றால் மெயினையே இறக்கிவிட்டு, பேருந்து நிலையத்தில் நின்று, இறக்கினோமா என்று அம்மாவிடம் கேட்பார். வெள்ளைக்கார வீட்டில் குடியிருந்திருந்தால் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பேன். நம் வீடு என்பதால் தோன்றவேயில்லை. என் அறைக்கும் அந்தச் சுற்று உண்டு என்று மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

இப்போது எப்படிச் சொல்வது? இந்த ஊர் வழக்கப்படி சுவிட்சில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டலாம். “தயவுசெய்து அணைக்காதீர்கள்.” எழுதினேன். கிழித்துப்போட்டேன். ஒரு மனுஷனுடைய சொந்த வீட்டில், அவர் வயதில், அவர் கண்ணில் படும்படி அதை ஒட்ட எனக்குக் கை வரவில்லை. தவிர, குற்றவாளி நீங்கள்தான் என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிற மாதிரி இருந்தது.

மதுராவிடம் கோட்டைக் காட்டினேன். அது என் தப்பு. பதினைந்து வயதுக்கு ரகசியம் தங்காது. இரவுச் சாப்பாட்டில் புட்டில் கை வைத்ததும் சொல்லிவிட்டாள்: “அப்பா, யூ ஆர் கில்லிங் பிஸ்கட்.”

7

அங்கிள் தலை நிமிரவில்லை. அன்ரிதான் திரும்பினார்.

“என்னப்பா சொல்லுறாள் இவள்?”

“சுவிட்சு” என்றேன் நான். “பகல்ல பெட்டியோட சுவிட்ச் ஆஃப் ஆகுது அன்ரி. அங்கிள் தெரிஞ்சு செய்யலை.”

“தெரிஞ்சுதான் செய்தனான்” என்றார் அங்கிள். மெதுவாக. “ஆனா பிள்ளை, நான் உம்மட அறைக்குள்ள காலே வைக்கேல்லை. பொம்பிளைப் பிள்ளையின்ர அறை. கதவைத் திறந்து கையை மட்டும் நீட்டுறனான். கண்ணையும் மூடிக்கொண்டு.”

“கண்ணை ஏன் மூடுறியள்?” அன்ரி.

“பாம்பெல்லோ இருக்கு!”

மதுரா சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது, அடக்கினேன். அங்கிளும் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. புட்டை விரலால் ஒதுக்கிக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

லண்டனுக்கு வந்த புதிதில் செவன் கிங்ஸில் ஒரு வீடு. ஒன்பது பேர். யாரோ ஒருவர் சட்டைக்கு அயர்ன் போட்டுவிட்டு வேலைக்குப் போனார், சுவிட்சை அணைக்காமல். வீடு பற்றிக்கொண்டபோது எல்லோரும் ஷிப்டில் இருந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கிளின் கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ், ஊரில் என்ன நடந்தது என்பதற்குக் கையிலிருந்த கடிதங்கள். எல்லாம் அதில்.

“நெருப்பு அணைச்சாப் பிறகு போய்ப் பாத்தன். பை உருகி நிலத்தில ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதுக்குப் பிறகு நான் ஆரெண்டு காட்ட எனக்கு ஏழு வருசம் போச்சு.” என்னைப் பார்த்தார். “எனக்கு ஏலாது பிள்ளை. நான் பொய் சொல்லேல்லை. சுவிட்ச் போட்டபடி கதவைப் பூட்டினா, பஸ் ஸ்டாப்பில இருந்து திரும்பி வந்திடுவன். அவரைப் பட்டினி போட எனக்கு விருப்பமே? ஆனா ஏலாது.”

புட்டு ஆறிக்கொண்டிருந்தது. பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுதான் நியாயம் என்று அந்த நிமிஷம் உண்மையாகவே நினைத்தேன். ஒரு பாம்பு எங்கேயும் வாழ்ந்துகொள்ளும்.

அதற்குள் மதுரா பேசினாள். தமிழில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பன்னிரண்டு வயதில் விட்டவள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்.

“அப்பா. அவருக்கு உடம்புச் சூடு தானா வராது. எங்களுக்கு வரும். அவருக்கு வராது. நாங்கள்தான் குடுக்கோணும்.”

அங்கிள் அவளை ஏதோ புதிதாக வீட்டுக்கு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு என்னிடம், “அந்த வயர் சூடாகினா, நான் வேலையில நிண்டு எப்பிடி அறியிறது?” என்றார்.

அது மறுப்பு இல்லை. கேள்வி. கேள்வி என்றால் எனக்கு உயிர் வந்துவிடும்.

8

கருவியை வைஃபையோடு இணைத்தால் எங்கிருந்தும் போனில் பார்க்கலாம். சூடு முப்பத்திரண்டைத் தாண்டினால் அது சத்தம் போடும். அதை அங்கிளின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். சுவர்ச் சுவிட்சுக்கும் பெட்டிக்கும் நடுவே, அளவு மீறினால் தானாக மின்சாரத்தை வெட்டும் ஒரு பிளக்கை, அன்றிரவே கடை மூடுவதற்குள் ஓடிப்போய் வாங்கி மாட்டினேன். என் அறைக் கதவுக்கு வெளியே கூரையில் புகை அலாரம், அவர் செலவில், அவர் கையால். ஒரு சிக்கல்: வைஃபை பெட்டியையும் அணைக்காமல் போக வேண்டும்.

“அப்ப ஒண்டில்லை, ரெண்டு சுவிட்ச்” என்றார், கசப்பு மருந்தைப் பார்த்த மாதிரி.

புதன்கிழமை அவர் இரண்டையும் விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார். எட்டு இருபத்தைந்துக்குத் திரும்பி வந்திருக்கிறார். கதவைத் திறந்து, படிக்கட்டில் நின்று, போனைப் பார்த்து, மறுபடி பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அன்றைக்கு அவர் வேலைக்குப் பிந்தினார், இருபது வருஷத்தில் முதல் தடவையாம். ஒன்பதரைக்கு எனக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி. “29.1.” பதினொன்றுக்கு, “28.8, ஏன் குறையுது?” அது சாதாரணம் அங்கிள் என்றேன். ஒன்றுக்கு, “29.0. சரி.”

வியாழன் திரும்பி வரவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து போன் மட்டும். வெள்ளி, செய்திகள் பத்து. கூட வேலை செய்யும் சோமாலியரும் போலந்துக்காரரும் ஓய்வு நேரத்தில் “ஹவ் இஸ் தி ஸ்னேக்?” என்று கேட்கிறார்களாம். சனிக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே நின்று, “பிள்ளை, குளிர்ப் பக்கம் இருபத்திரண்டு. காணாதோ?” என்றார். போதும் என்றேன். இந்த வீட்டில் பிஸ்கட்டின் உடம்பைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் இப்போது அவர்தான். ஆனால் இதுவரை ஒரு தடவைகூட அவனை நேரில் பார்க்கவில்லை.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாலு நாள் சூடு போதுமா என்று எனக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. “இருக்கலாம்” என்றார். ஞாயிறு தவறினால் திங்கள் அட்டைப்பெட்டி. எழுத்தில் இருக்கிறது.

9

ஞாயிறு மாலை ஐந்தரை. வெளியே ஏற்கெனவே இருட்டு. கீழே ஆட்டிறைச்சிக் குழம்பு கொதிக்கிற மணம் படியேறி வந்தது. நான் எலியை உருக்கி, துடைத்து, இடுக்கியால் சூட்டுப் பக்கத்துக் குகை வாசலில் வைத்தேன். இந்தத் தடவை ஆட்டவில்லை. துணியால் பெட்டியின் முகப்பை மூடிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

ஒரு மணி நேரம் யாரும் மேலே போகக்கூடாது.

நாலு பேரும் முன்னறையில் உட்கார்ந்தோம். இப்படி நாலு பேரும் ஒன்றாக, டிவி இல்லாமல், சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வேறு நாள் என்றால் மதுரா அவள் அறையில் இருப்பாள். எனக்கு மேலே போய்க் கதவு இடுக்கில் ஒரு கண் வைத்தால் போதும் என்று கால் அரித்தது. எதுவானாலும் உடனே பார்த்துவிட வேண்டும் எனக்கு. அதனால்தான் இந்த நாட்டுக்கே வந்தேன் என்று நினைக்கிறேன். இப்போது பார்க்காமல் இருப்பது மட்டும்தான் வேலை.

“இருபத்தொன்பது புள்ளி ரெண்டு” என்றார் அங்கிள்.

“வாயை மூடிக்கொண்டு இருங்கோ” என்றார் அன்ரி. “நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு அடிக்குது.”

“சாப்பிடேல்லை எண்டால் நாளைக்கே கொண்டுபோறதோ?” அங்கிள் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“எழுதினது நீங்கள்தானே” என்றார் அன்ரி.

“எழுதினது பிள்ளை. நான் தாள் குடுத்தனான்.”

மதுரா, “எக்ஸ்டென்ஷன் கேக்கலாமே அப்பா, இன்னொரு வாரம்?” என்றாள். அங்கிள் அவளை முறைக்கப் பார்த்தார், வரவில்லை. எத்தனை அலுவலகத்தில் எத்தனை தடவை அவர் அதைக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறரை. நான் எழுந்தேன். அன்ரி கையைக் காட்டி என்னை உட்கார வைத்தார்.

“நான் போறன். நான் வைச்ச நிபந்தனை, நான்தான் பாக்கோணும்.”

படியில் அவருடைய காலடிச் சத்தம். கதவு. பிறகு ஒன்றுமில்லை. அங்கிள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்காது, ஆனால் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தும் யாரும் எழவில்லை.

அன்ரி இறங்கி வந்தார். எங்களைப் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“சாப்பிட்டிட்டார்” என்றார். “முழுசா. வால்கூட மிச்சமில்லை.”

மதுரா கத்திய கத்தலில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். அன்ரி மட்டும் இன்னும் வாசலிலேயே நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“ஒண்டு போதுமோ அவருக்கு? சரியான சின்ன எலி.”

“போதும் அன்ரி. இனி அடுத்த ஞாயிறுதான்.”

“ஏழு நாளோ!” என்றார் அன்ரி. பிறகு அங்கிளிடம் திரும்பி, நான் அங்கே இல்லாத மாதிரியே சொன்னார்: “இந்தப் பிள்ளைக்கு ஒரு உயிரை வைச்சுப் பாக்கத் தெரியேல்லையப்பா.”